மடை அடைத்த நேரம்

கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்த ரத்தம் உறைகிறதா என்று பார்க்க இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். கனகா அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். உறைந்துவிட்டால் விஷம் ரத்தத்தில் ஏறவில்லை என்று வைத்துக்கொள்ளலாமாம். உறைஞ்சிடு, உறைஞ்சிடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள், பாலில் மோர் ஊற்றிவிட்டுத் தயிருக்காகக் காத்திருப்பவளைப்போல.

கட்டிலில் சாமிதுரை கண்ணைத் திறந்தபடி கிடந்தார். வலது கணுக்காலுக்கு மேலே வீரையனின் துண்டு இறுக்கிக் கட்டியிருந்தது. வீரையன் அவருடைய சித்தப்பா மகன். காலை எட்டேகாலுக்கு வயல் வரப்பில் அவர் விழுந்து கிடந்ததை முதலில் பார்த்தவன் அவன்தான். கணுக்காலில் இரண்டு கீறல்கள். காலை அசைக்க முடியவில்லை, வாயில் எச்சில் வழிகிறது, பேச்சு குழறுகிறது. வரப்பில் அப்படி ஒருவர் கிடந்தால் வலங்கைமான் பக்கத்தில் யாராக இருந்தாலும் பாம்பு என்றுதான் சொல்வார்கள். வீரையனும் அப்படித்தான் கத்திக்கொண்டே ஓடிவந்தான். கனகாவும் துண்டின் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினாள். அதே தெரு ஜாஃபர் சாதிக் தன் வண்டியில் ஏற்றியிருந்த தேங்காய் மூட்டைகளைத் தெருவிலேயே இறக்கிப் போட்டுவிட்டு அவர்களை ஏற்றிக்கொண்டான். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு வந்துசேர்ந்தபோது மணி ஒன்பது ஐம்பது.

"துண்டை அவுங்க." உள்ளே வந்த பெண் மருத்துவர் கேட்கவில்லை, சொன்னார். சட்டைப்பையில் சாஜிதா என்று பெயர் எழுதிய அட்டை. சாமிதுரையின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "ஐயா, பல்லைக் காட்டுங்க. ஈ-ன்னு."

இடதுபுற உதடு மட்டும் விலகியது. வலதுபுறம் அப்படியே தொங்கியது.

"ரெண்டு கையையும் தூக்குங்க."

இடது கை எழுந்தது. வலது கை கட்டிலைவிட்டுக் கிளம்பவே இல்லை.

"அம்மா, இது பாம்பு இல்லைங்க. பக்கவாதம். மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு, இல்லன்னா வெடிச்சிருக்கு. எதுன்னு படம் எடுத்தாத்தான் தெரியும். பிரஷர் இருநூத்திப் பத்து இருக்கு. மாத்திரை சாப்பிடறாரா?"

"மாசாமாசம் வீட்டுக்கே கொண்டாந்து தர்றாங்க டாக்டர்" என்றாள் கனகா. அது கேள்விக்குப் பதில் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. நாட்காட்டிக்குப் பின்னால் செருகியிருக்கும் பிரிக்காத அட்டைகள் கண்முன் வந்தன. நடவு முடியட்டும், அதைப் போட்டால் தலை லேசாகிறது என்று அவர் சொன்னார். அவளும் விட்டுவிட்டாள்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். படம் எடுத்துத் திரும்பியபோது பத்து இருபத்தைந்து. ரத்தக்கசிவு இல்லை, அடைப்புதான் என்றார் சாஜிதா. உறையட்டும் என்று இவள் வேண்டிக்கொண்டு நின்றபோது அவர் தலைக்குள் ஒரு பொட்டு ரத்தம் உறைந்துபோய் வழியை மறித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கு. ஆனா வாதம் வந்ததிலேருந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். நேரம் கடந்து போட்டா மூளையில ரத்தம் கசியற ஆபத்து கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இவரை நல்லபடியா, கடைசியா யாரு, எப்பப் பார்த்தீங்க?"

கனகா வாயைத் திறப்பதற்குள் வீரையன் முந்திக்கொண்டான்.

"நான்தான் டாக்டர். எட்டு மணிக்கு. 'டீ குடிச்சியாடா'ன்னு கேட்டாரு. 'இல்லண்ணே'ன்னேன். நல்லாத்தான் பேசினாரு."

சாஜிதா எழுதினார். "எட்டா? அப்போ நேரம் இருக்கு." செவிலியரிடம் திரும்பி, பிரஷரை இறக்கும் மருந்தையும் அந்த ஊசியையும் எடுக்கச் சொன்னார்.

கனகா வீரையனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். எட்டேகாலுக்கு ஓடிவந்தபோது அவன் சொன்னது அவள் காதில் இன்னும் இருந்தது: எப்ப விழுந்தாருன்னே தெரியல அண்ணி, இன்னிக்கு நான் அண்ணனைப் பார்க்கவே இல்ல. டீ என்பதெல்லாம் எப்படி வந்தது? சற்று முன்பு வெளியே பெஞ்சில் யாரோ ஒருவரிடம் அவன் பேசிக்கொண்டிருந்தான். நேரம் தாண்டிவிட்டால் ஊசி கிடையாது என்று அந்த ஆள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அவளிடம் இருந்த நேரம் நாலரை. விடியற்காலை நாலரைக்கு அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, "தண்ணி கட்டிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். அதிலிருந்து நாலரை மணி நேரம் என்றால் ஒன்பது. ஒன்பது மணிக்கு அவர்கள் வண்டியில், பாதி வழியில் இருந்தார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊசி உண்டு. திறந்தால் இல்லை. மூடிக்கொண்டிருந்து, உள்ளே கசிந்துவிட்டால்?

"டாக்டர்" என்றாள். தன் குரல் யாருடையதோபோல் கேட்டது. "தம்பி சொல்றது பொய்யிங்க. இவன் பார்க்கல. நான்தான் பார்த்தேன். நாலரைக்கு."

"அண்ணி!"

"சும்மா இருடா."

சாஜிதா எழுதியதன்மேல் ஒரு கோடு இழுத்தார். வீரையனை ஒரு கணம் பார்த்தார், திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எம்.ஆர்.ஐ. எடுத்தா எப்ப வந்திருக்கும்னு படத்தை வச்சே ஓரளவு கணிக்கலாம். தூக்கத்துல வந்தவங்களுக்கு இப்ப அப்படித்தான் பார்க்கறோம், கொஞ்ச வருஷமாத்தான் அது தெளிவாயிருக்கு. ஆனா மெஷின்ல ஆள் படுத்திருக்காங்க. இன்னும் முக்கால் மணி நேரமாவது ஆகும். ஒவ்வொரு நிமிஷமும் மூளை செத்துக்கிட்டே போகும்மா. வேற யாராவது பார்த்தாங்களா? போன் பேசினாரா?"

"போன் வீட்டுலதான் கிடக்கு."

"உண்மையைச் சொல்லிக் கொல்லப் போறியா அண்ணி?" வீரையன் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதான். "நாக்குல நரம்பே இல்லாம சொல்றியே."

அதையேதான் கனகாவும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சுவரில் கடிகாரம் பத்து முப்பத்திரண்டு காட்டியது. செவிலியர் ஈரப் பஞ்சை எடுத்துச் சாமிதுரையின் வலது கையைத் துடைத்தார். பஞ்சு கறுத்தது. கையில் முழங்கை வரைக்கும் சேறு, காய்ந்து வெடித்த சேறு. விரலிடுக்கில் அறுகம்புல். கனகா இடது கையைப் பார்த்தாள். அதிலும் முழங்கை வரைக்கும்.

விழுந்ததில் ஒட்டிய சேறு இரண்டு கையிலும் ஒரே அளவுக்கு ஏறாது. இது மண்ணை அள்ளி மடை அடைத்த கை.

"துடைக்காதீங்க!" என்று கத்தினாள். செவிலியர் திடுக்கிட்டுப் பஞ்சைக் கீழே போட்டார்.

"வீரையா, நீ மோட்டாரை நிறுத்தினப்ப தண்ணி எங்க ஓடிட்டிருந்துச்சு? மேலப்பங்குலயா, கீழப்பங்குலயா?"

"அதையெல்லாம் யாரு பார்த்தா? சுவிட்சை அமுக்கிட்டு ஓடியாந்தேன்."

"மடையைத் தொட்டியா?"

"அண்ணனைத் தூக்கறதா, மடையைத் தொடறதா? பைத்தியம் புடிச்சிடுச்சா உனக்கு?"

கனகா போனை எடுத்தாள். எல்லையம்மாள் பக்கத்து வயலில் களை எடுக்க வந்திருப்பாள். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"ஏண்டி கனகா, எப்படி இருக்காரு? பாம்பு நல்லதா, விரியனா?"

"பாம்பு இல்லக்கா. அப்பறம் சொல்றேன். எங்க வயலுக்குப் போ. கரையேறிப் பாரு. மேலப்பங்கு மடை திறந்திருக்கா, அடைச்சிருக்கா?"

"புருஷன் அங்க கிடக்கறாரு, நீ தண்ணிக்குக் கணக்குப் பார்க்கறியா? நல்லா இருக்குடி உன் குடித்தனம்."

"அக்கா, உன் கால்ல விழறேன். ஓடு."

சாஜிதா கைநீட்டிப் போனை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். மூச்சிரைப்பும், தண்ணீரில் கால் விழும் ஓசையும் கேட்டன. எங்கோ ஒரு நாரை கத்தியது. கனகா மனதுக்குள் வரப்பு வரப்பாக எல்லையம்மாளோடு நடந்தாள். தென்னை தாண்டி, மோட்டார் கொட்டகை தாண்டி.

"மேலப்பங்கு அடைச்சிருக்குடி. கீழப்பங்குதான் திறந்து கிடக்கு. மண்வெட்டி வரப்புல கிடக்கு."

"மேலப்பங்குல தண்ணி எவ்வளவு நிக்குது?"

"நாலு விரக்கடை இருக்கும். நல்லாத்தான் கட்டியிருக்காரு."

"அடைச்ச மண்ணைப் பாரு. மேல என்ன இருக்கு?"

"என்ன இருக்கும், புல்லோட வெட்டின மண்கரணை. தலைகீழா வச்சு மிதிச்சிருக்கு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அடி, உன் வீட்டுக்காரர் கால்தான். சுண்டுவிரல் இல்லாத கால். நல்லா அழுந்தப் பதிஞ்சிருக்கு."

உழவு டிராக்டரின் இரும்புச் சக்கரம் அந்த விரலை எடுத்துக்கொண்டு பதினோரு வருடம் ஆகிறது. வலது காலின் விரல்.

கனகா சாஜிதாவின் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர், போர்வெல் தண்ணி முதல்ல மேலப்பங்குக்குப் பாயும். அது நிறைஞ்சப்பறம் அந்த மடையை அடைச்சு, கீழப்பங்கு மடையைத் திறப்பாரு. ரெண்டு கையும் வேணும் அதுக்கு. மண்ணை வெட்டி, அள்ளிப் போட்டு, வலது காலால மிதிப்பாரு. அந்தக் கால்தான் இப்ப வரல. அடைக்கறப்ப நல்லா இருந்திருக்காரு."

"சரி. அடைச்சது எத்தனை மணிக்கு?"

"மோட்டார் ஓட மூணு பேஸ் கரண்ட் வரணும். இந்த வாரம் அஞ்சரைக்குத்தான் வருது."

"முன்னாடியே வந்திருக்கலாமே?"

"வராதுங்க. அஞ்சரைக்கு நான் அடுப்படியில நின்னேன், வீட்டு விளக்கு ஒருதரம் மங்கி எரிஞ்சுது. மோட்டாரெல்லாம் ஒண்ணா ஓட ஆரம்பிச்சா அப்படித்தான் மங்கும்."

"மேல வயல்ல ஏற்கெனவே தண்ணி இருந்திருந்தா? மழை பெஞ்சிருந்தா? சீக்கிரம் நிறைஞ்சிருக்கும் இல்ல?"

கனகா கண்ணை மூடிக்கொண்டாள். இந்தக் கேள்வியில் தவறினால் தவறியதுதான். "நேத்து சாயங்காலம் நான் அங்க களை எடுத்தேன். வெடிப்புல என் விரல் இறங்குச்சு. சொட்டு மழை இல்ல. காய்ஞ்ச வயல் நிறைய ரெண்டு மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு அடைச்சாலும் ஒன்றரைக்குக் குறையாது. நாலு விரக்கடை நிக்குதுன்னா அவசரப்படல."

சாஜிதா விரல்விட்டு எண்ணினார். "குறைஞ்சபட்சம் ஏழு மணி."

"ஏழுக்கு முன்னாடி இல்லவே இல்லைங்க."

"இருங்க." அவர் வெளியே போய் மூத்த மருத்துவரிடம் போனில் பேசினார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் கை காற்றில் வயலை வரைந்தது: மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஒரு மடை. கனகாவுக்கு அது வேறு ஏதோ நாட்டில் யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது. கடிகாரத்தின் முள் மட்டும் இந்த அறையில் இருந்தது. பத்து நாற்பத்தொன்பது.

கதவு திறந்தது. "ஏழுன்னு எழுதறேன். பதினொன்றரை வரைக்கும் இருக்கு. பிரஷரும் இறங்கிடுச்சு. ஆனா இதைக் கேட்டுக்குங்க. சரியான நேரத்துல போட்டாலும் நூறு பேர்ல அஞ்சாறு பேருக்குக் கசியலாம். சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க."

அஞ்சாறு பேர். அந்த அஞ்சாறு பேருக்கும் வீட்டில் ஒரு கனகா இருந்திருப்பாள். அவள் கையெழுத்துப் போட்டாள். பேனா வழுக்கியது; அவர் கையைப் பிடித்திருந்ததில் ஈரச் சேறு இப்போது அவள் கையிலும் இருந்தது.

ஊசி போட ஐந்து விநாடிகூட ஆகவில்லை. முன்பெல்லாம் ஒரு மணி நேரம் சொட்டு சொட்டாக ஏற்ற வேண்டியிருந்தது, இப்போது இந்தப் புது மருந்து வந்துவிட்டது என்று செவிலியர் சொன்னார். ஆறுதலுக்காகச் சொன்னார். ஐந்து விநாடியில் முடிந்துபோன ஒன்று இவ்வளவு பெரிய வேலையைச் செய்யுமா என்று கனகாவுக்குச் சந்தேகம்தான் கூடியது.

அதன்பிறகு கால் மணிக்கு ஒருமுறை வந்தார்கள். கண்ணில் விளக்கடித்தார்கள், கையைத் தூக்கச் சொன்னார்கள், பெயர் கேட்டார்கள். தலை வலிக்கிறதா, வாந்தி வருகிறதா என்று கேட்டார்கள். அவர் முகத்தைச் சுளிக்கும்போதெல்லாம் கனகா எழுந்து நின்றாள். கசிகிறதோ? முதல்முறை ஒன்றும் இல்லை. இரண்டாவது முறையும் இல்லை. வீரையன் வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை.

"உள்ள வாடா" என்றாள்.

"நான் சொன்னதைக் கேட்டிருந்தா இருபது நிமிஷம் மிச்சமாயிருக்கும்." அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "ஆனா எட்டு மணின்னு சொல்லியிருக்கேன். அண்ணன் நாலரைக்கே விழுந்திருந்து, என் பேச்சை நம்பி ஊசி போட்டிருந்தா... எனக்கு இப்பத்தான் உறைக்குது அண்ணி."

அவள் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள்.

நான்காவது முறை சாஜிதாவே வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று சாமிதுரையின் வலது பாதத்தை உள்ளங்கையில் ஏந்தினார். "ஐயா, என் கையை மிதிங்க. தள்ளுங்க."

அவர் விழித்தார். வார்த்தை போய்ச் சேர்ந்ததா என்றே தெரியவில்லை. பாதம் சும்மா கிடந்தது.

"இன்னொரு தடவை. மிதிங்க."

ஒன்றும் இல்லை. சாஜிதாவின் முகத்தில் எதுவும் மாறவில்லை. கனகாவுக்கு அந்த மாறாத முகம்தான் தாங்கவில்லை. எழுந்துபோய் அவர் காதருகில் குனிந்தாள்.

"இங்க பாருங்க. தண்ணி வருது. மடையை மிதிங்க."

அவர் கண் அவள்பக்கம் மெதுவாக வந்தது. நான்கு விரலும் மடங்கின. குதிகால் அசைந்தது. சாஜிதாவின் உள்ளங்கை மயிரிழை அளவுக்குப் பின்னால் போனது.

"இருக்கு" என்றார் சாஜிதா. "லேசா இருக்கு. நாளைக்கு இதே நேரத்துக்குத் திரும்பப் படம் எடுத்துக் கசிவு இல்லன்னு பார்க்கணும். அப்பறம் பயிற்சி, மாசக்கணக்குல. இன்னும் எதுவும் முடியலம்மா."

"தெரியும் டாக்டர்" என்றாள் கனகா. அவள் சாஜிதாவின் கைக்குப் பக்கத்தில் தன் உள்ளங்கையையும் வைத்தாள். "மிதிங்க" என்றாள் மறுபடி. "உடைச்சுக்கிட்டுப் போயிடப் போகுது. மிதிங்க."