நிற்கக் கூடாத நண்டு

பெங்களூரிலிருந்து கோவாவுக்கு ஒரு நண்டை ஏற்றிக்கொண்டு போனேன் என்றால் எங்கள் ஜீவனஹள்ளி டீக்கடையில் இன்னும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கடலே இல்லாத ஊரிலிருந்து கடல் ஊருக்கு நண்டு போனது நிஜம். ஓட்டிப்போனவன் நான்தான், நாராயணசாமி. வயது எழுபதைத் தாண்டிவிட்டது, லைசென்ஸ் இன்னும் செல்லும்.

நண்டு என் மகள் வீணா செய்தது. அடுகோடியில் ஷெட் வைத்திருக்கிறாள். கல்யாண மேடைக்கு மயில், கம்பெனி விழாவுக்கு ராக்கெட், ஊர்வலத்துக்கு அலங்கார வண்டி என்று கேட்டதைச் செய்து கொடுப்பாள். இரும்புக் கம்பியை வளைத்து வெல்டு அடித்து, மேலே ஃபோம் ஒட்டி, பெயின்ட் அடிக்கிற வேலை. பெயின்ட் கிளெமென்டுடையது. எங்கள் தெருக்காரன், ஐம்பது வயசு. பொழுது சாய்ந்தால் அவனை நம்ப மாட்டேன், அதற்கு முன்னாலும் பாதிதான்.

வீணா பல வருஷம் இன்னொருவரிடம் வேலை பார்த்துவிட்டுப் போன வருஷம்தான் தனியாக வந்தாள். அந்த ஆள் விடவில்லை. அவள் செய்கிற வண்டி பாதி ரோட்டில் நிற்கும் பாருங்கள் என்று தொழிலில் இருக்கிற அத்தனை பேர் காதிலும் போட்டுவைத்தான். பெரிய வேலை ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் பனாஜியிலிருந்து ஒரு மீன் வியாபாரிகள் சங்கம் கூப்பிட்டது.

கோவாவில் வருஷா வருஷம் கார்னிவல் நடக்கிறது. கிறிஸ்தவர்கள் நாற்பது நாள் நோன்பு தொடங்குவதற்கு முன்னால் தின்று, குடித்து, ஆடித் தீர்த்துக்கொள்கிற திருவிழா. சனிக்கிழமை பனாஜி, மறுநாள் மட்காவ், அப்புறம் வாஸ்கோ, மாபுசா என்று அலங்கார வண்டிகள் ஊர் ஊராகப் போகும். சங்கத்துக்கு ஒரு நண்டு வேண்டும். அவர்கள் சொன்னது ஒரே நிபந்தனைதான்: வண்டி நடுவில் நின்று ஊர்வலத்தை மறிக்கக் கூடாது. நின்றால் ஓரம் கட்டிவிடுவார்கள், அடுத்த ஊருக்கு அது போகாது. முதல் நாளே நின்றுபோனால் பழைய முதலாளி சொன்னது சரி என்று ஆகிவிடும். அதற்கப்புறம் வீணா ஷெட்டைப் பூட்டிவிட்டு அவரிடமே திரும்பிப் போக வேண்டியதுதான்.

பேசிவைத்த டிரைவர் கடைசி நேரத்தில் போனை எடுக்கவில்லை. இப்படி ஆகும் என்று நான் முன்பே சொன்னேன். நான் ஓட்டுகிறேன் என்றேன். வீணா சாவியைக் கொடுத்தாள். வேறு ஆள் இல்லை.

ஷெட்டில் நண்டைச் சுற்றிவந்து பார்த்தேன். 407 லாரி முழுவதையும் மூடிக்கொண்டு சிவப்பாக உட்கார்ந்திருந்தது. முன்னால் இரண்டு கொடுக்கு. உள்ளே உட்கார்ந்து கயிற்றை இழுத்தால் கொடுக்கு திறந்து மூடும். பக்கத்துக்கு நாலு கால் லாரியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காலை மாட்டுகிற பிடி ஓட்டோடு சேருகிற இடத்தில் வெல்டு பத்தாது, அடியில் ஒரு பட்டை போடு என்றேன். எடை கூடும், கால் மேல் யாரும் ஏறப் போவதில்லை, சும்னே இருப்பா என்றாள்.

நான் ஓட்டிய ரோடெல்லாம் ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் பக்கம். கோவா என்றால் குடிகாரன் ஊர் என்றுதான் நினைத்திருந்தேன். கால்களையும் கொடுக்குகளையும் கழற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். ஹூப்ளி தாண்டி, எல்லாப்பூர் காட்டில் இறங்கி, கார்வார் பக்கம் இடது கையில் கடல் திறந்ததும் கிளெமென்ட் பாட ஆரம்பித்தான். நான் அவனை அதட்டவில்லை. எனக்கே வாயைத் திறக்க வேண்டும்போல இருந்தது.

பனாஜியில் மிராமார் கடற்கரை ஓரமாக லாரியை நிறுத்தி, கால் கொடுக்கெல்லாம் மாட்டி நண்டைப் பூட்டினோம். ஊரே தலைகீழாக இருந்தது. தொப்பி வைத்தவர்கள், முகமூடி போட்டவர்கள், முதுகில் மயில் தோகை கட்டிய பொம்பளைகள், மீசை ஒட்டிய கிழவிகள். தெருவுக்குத் தெரு டிரம்பெட் சத்தம். போகிறவர் வருகிறவர் எல்லாம் சிரிக்கிறார்கள். காரணமில்லாமல் சிரிக்கிறவனை நான் நம்புவதில்லை. ஒரு அம்மா என் தலையில் காகிதக் கிரீடத்தை வைத்துவிட்டுப் போனாள். உடனே பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன். பர்ஸ் இருந்தது. கிரீடத்தைக் கழற்றவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வண்டிகளை ஆற்றோர ரோட்டில் வரிசையாக விட்டார்கள். முதல் வண்டியில் மோமோ என்கிற கார்னிவல் ராஜா. தங்கக் கலர் நாற்காலியில் குண்டாக உட்கார்ந்துகொண்டு, "கா, பியே, மஜா கர்" என்று மைக்கில் கத்தினார். தின்னு, குடி, மஜா பண்ணு. இதைச் சொல்ல ஒரு ராஜா. எனக்குப் பிடித்துவிட்டது. ரோட்டின் இரண்டு பக்கமும் தலை தலையாக ஜனம். எல்லாக் கண்ணும் அடுத்து எங்கள் நண்டு மேல் விழுந்தது.

அதுதான் என்னை உறுத்தியது. இத்தனை கண். கிளெமென்ட் வலது கொடுக்கின் கயிற்றையும் வீணா இடது கொடுக்கின் கயிற்றையும் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். பூஜை எல்லாம் ஷெட்டிலேயே ஆயிற்று, அங்கே ஒன்றும் வேண்டாம் என்று அவள் கிளம்பும்போதே சொல்லியிருந்தாள். ஆனால் நான் சிட்டி மார்க்கெட்டில் ஒரு பூசணிக்காய் வாங்கி, துண்டில் சுற்றி, சீட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். மேலே ஓட்டை போட்டுக் குங்குமம் கொட்டி எல்லாம் தயார். புது வண்டி முதல் தடவை ரோட்டுக்கு வருகிறது, திருஷ்டி கழிக்காமல் எப்படி எடுப்பது?

எங்களுக்கு விசில் கொடுத்ததும் சட்டென்று இறங்கினேன். பூசணிக்காய் மேல் சூடத்தைக் கொளுத்தி, நண்டைப் பார்த்து மூன்று சுற்று சுற்றி, தலைக்கு மேல் தூக்கி நடு ரோட்டில் போட்டேன். சிதறியது பாருங்கள், அப்படி ஒரு சிதறல். இதுவும் ஆட்டத்தில் ஒன்று என்று நினைத்து ஜனம் கை தட்டியது. எத்தனையோ பேர் போனில் படம் பிடித்தார்கள். காகிதக் கிரீடத்தைச் சரி பண்ணிக்கொண்டு வண்டியில் ஏறி முதல் கியரைப் போட்டேன்.

நண்டு நகர்ந்தது. கொடுக்கு இரண்டும் மேலே போய், திறந்து, கூட்டத்தைக் கிள்ளுகிற மாதிரி இறங்கியது. பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடி மறுபடி வந்து நின்றன. ஜனம் எங்களைப் பார்த்துக் கூவியது. வாழ்நாளில் என்னைப் பார்த்து யாரும் அப்படிக் கூவியதில்லை. லாரிக்காரனைத் திட்டத்தான் கூவுவார்கள்.

எங்களுக்குப் பின்னால் ஒரு பொம்பளைகள் ஆட்டக் குழு நடந்து வந்தது. ஏழெட்டுப் பேர், வெள்ளை கவுன், குதிகால் உயர்ந்த செருப்பு. திடீரென்று பின்னால் கூச்சல். கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளை கவுன்கள் தரையில் கிடந்தன, அதில் சிவப்பு. ரத்தம் என்று நினைத்து பிரேக்கை மிதித்தேன். மிதித்த பிறகுதான் தெரிந்தது, அது என் குங்குமம். ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்கள் ஊர் ரோட்டில், உடைத்த பூசணிக்காயில் எத்தனை பைக்குக்காரன் வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். புத்தி அங்கே போகவில்லை.

ஊர்வலத்தைப் பார்த்துக்கொள்கிற மஞ்சள் சட்டைக்காரர் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்து பக்கத்தில் இருந்த சந்துப் பக்கம் கை காட்டினார். வண்டியை அதற்குள் விடு என்கிறார். வீணா நண்டின் வாய் வழியாகத் தலையை வெளியே நீட்டினாள்.

"என்னப்பா பண்ண?"

"பூசணிக்காய் ஒடச்சேன்."

"இங்கியா?"

அவ்வளவுதான் கேட்டாள். அவள் திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி ஓடினேன். சட்டையைக் கழற்றி, மண்டி போட்டு ரோட்டைத் துடைத்தேன். கிளெமென்ட் பெயின்ட் துடைக்கிற துணியோடு வந்தான். யாருக்கும் எலும்பு முறியவில்லை. செருப்புகள்தான் முறிந்திருந்தன. குழுவின் தலைவி, நல்ல பருமனான அம்மா, முழங்கால் வரை குங்குமத்தோடு என் எதிரில் நின்று கொங்கணியிலும் இந்தியிலும் கிழித்தாள். கிறிஸ்துமஸிலிருந்து ஆடிப் பழகியிருக்கிறார்களாம். பெரிய மேடை முன்னால் இருக்கிறதாம். இனிமேல் இந்தத் தார் ரோட்டில் வெறுங்காலோடு எப்படி ஆடுவது? மஞ்சள் சட்டைக்காரர் அவர்களையும் ஓரம் போகச் சொன்னார். அந்த அம்மாவுக்குக் குரல் உடைந்தது.

நான் யோசிக்கவில்லை, வாய் சொல்லிவிட்டது. எங்கள் தெரு உருதுவில், நடக்க முடியாவிட்டால் நண்டு மேல் ஏறிக்கொள்ளுங்கள், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அந்த அம்மா நண்டைப் பார்த்தாள். பிறகு மஞ்சள் சட்டைக்காரரைப் பார்த்து ஏதோ சொன்னாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் வரிசை முழுக்க ஹாரன். உடனே எடுத்தால் எடு, இல்லையென்றால் இரண்டு பேரும் சந்துக்குப் போங்கள் என்றார்.

சொன்ன பிறகுதான் கால்களின் வெல்டு ஞாபகம் வந்தது. முதுகில் இரண்டு பேர்தான் நிற்க முடியும். மற்றவர்கள் கால் மேல்தான் உட்கார வேண்டும். வீணாவிடம் ஓடினேன்.

"வேணாம்மா. அந்தக் கால் தாங்காது. யாராவது விழுந்து தொலைச்சா? நாம ஓரமா போயிடலாம்."

"ஓரமா போனா முடிஞ்சுதுப்பா."

"தாங்குமா, சொல்லு."

"மெதுவா போனா தாங்கும். பள்ளத்துல மட்டும் எறக்காத. ஏத்து."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தான அடிச்சேன். ஏத்துப்பா. வண்டிய நிறுத்தாத, அவ்ளோதான்."

ஏற்றினோம். கிளெமென்ட் ஒவ்வொருவரையும் ராணி மாதிரி கை கொடுத்துத் தூக்கிவிட்டான். நண்டு ஓட்டுக்குப் பக்கத்தில், காலுக்கு ஒருத்தியாக உட்கார்ந்தார்கள். தலைவி முதுகில் நின்றாள். லாரி ஒரு முனகு முனகியது. கிளட்சை முட்டை மேல் கால் வைக்கிற மாதிரி விட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததை நான் எப்படிச் சொல்வது. கொடுக்குகள் திறந்து மூட, கால்களில் உட்கார்ந்த பொம்பளைகள் தோளையும் கையையும் ஆட்டிப் பாடினார்கள். குங்குமம் படிந்த கவுன் நண்டுச் சிவப்போடு சேர்ந்து, அதற்கென்றே தைத்த மாதிரி ஆகிவிட்டது. நண்டே ஆடுகிற மாதிரி இருந்ததாம், பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் ரோட்டை மட்டும் பார்த்தேன். ஒரு பள்ளம், ஒரு சாக்கடை மூடி, ஒரு வேகத்தடை, ஒவ்வொன்றையும் கெஞ்சிக் கெஞ்சித் தாண்டினேன். வேகத்தடையில் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. டிரைவர் கண்ணை மூட முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டேன். யாரோ ஜன்னல் வழியாக ஃபெனி என்கிற முந்திரிச் சாராயப் பாட்டில் ஒன்றை நீட்டினார்கள். முகர்ந்து பார்த்துவிட்டு, கிளெமென்ட் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தேன்.

மேடைக்கு முன்னால் வந்தபோது தலைவி இரண்டு கையையும் விரித்தாள். கொடுக்கு இரண்டும் அவள் தலைக்கு மேல் போய் நின்றன. மேடையில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் எழுந்துவிட்டார்கள். பேண்டு சத்தம், விசில், காகிதத் தூள் மழை. நான் சட்டையில்லாமல், காகிதக் கிரீடத்தோடு, தாளத்துக்கு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தேன். யார் சொல்லி அடித்தேன் என்று தெரியாது. கை தானாக அடித்தது. கண்ணாடியில் பார்த்தால் நானும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர்களை ஏற்றிய பிறகு கடைசி வரை வண்டி நிற்கவில்லை.

ஊர்வலம் முடிகிற இடத்தில் அந்த அம்மா இறங்கி என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். வலித்தது. நாளைக்கும் எங்களை ஏற்றிக்கொள்ள வேண்டும், மஞ்சள் சட்டைக்காரரிடம் பேசிவிட்டேன் என்றாள். சங்கத்துக்காரர் வந்தார். நடுவில் நின்றதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டார். அதற்குள் அந்த அம்மா குறுக்கே புகுந்து ஏதோ சொல்ல, அவர் சிரித்துவிட்டு, நாளை மத்தியானத்துக்குள் மட்காவ் வந்துவிடுங்கள் என்று வீணாவிடம் கை கொடுத்தார். அவள் கையெல்லாம் கயிறு அறுத்த சிவப்பு. குலுக்கும்போது அவள் முகம் சுளிக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு வீணா என்னைக் கூப்பிட்டு லாரியின் இடது பக்கம் குனியச் சொன்னாள். மூன்றாவது காலின் பிடி ஓட்டோடு சேருகிற இடத்தில் வெல்டு பாதி விட்டு, விரல் நுழைகிற அளவுக்குத் திறந்திருந்தது. அந்தக் காலில் ஒரு மனுஷி உட்கார்ந்திருந்தாள்.

"எப்ப விட்டுச்சு?"

"மேடை வர்றதுக்கு முன்னாடி. டக்குனு கேட்டுச்சு. அவங்கள உள்ள இழுத்து என் பக்கத்துல உக்கார வெச்சிட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பிரேக் போட்டிருப்ப."

போட்டிருப்பேன். அதில் சந்தேகமே இல்லை. கிளெமென்ட் அதற்குள் வெல்டிங் மெஷினுக்குப் பக்கத்துக் கடையில் கரன்ட் கேட்டு ஒயரை இழுத்துக்கொண்டு வந்தான். வீணா வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலுக்கு அடியில் மல்லாக்கப் படுத்தாள்.

"மட்காவ்ல ரோடு இதவிட நீளமாம்ப்பா" என்றாள் அடியிலிருந்து.

டீசல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் போனேன்.