சூட்டோடு அளந்த சிலிண்டர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு முக்காலியில் பிறந்தது. என் ஸ்கூட்டர் ரிப்பேருக்காக ஒரு லேத்துப் பட்டறையில் காத்திருந்தேன். பட்டறைக்கார அம்மா ஒரு பிஸ்டனை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் பொசுக்கென்று முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தும் அந்த முக்காலி என்னை விடவில்லை. எழுதித் தொலைத்தாலாவது விடுகிறதா பார்ப்போம்.

இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. (கதைக்குள் வந்துவிட்டதால் அந்த அம்மா இனி 'அவள்'. மரியாதைக் குறைவில்லை, பயத்தில் நெருங்கி உட்கார்கிறேன், அவ்வளவுதான்.)

2

முதல் தொடக்கம்: "பட்டறை முழுக்க இரும்புத்தூள் வாசனை. அதன் நடுவே அவள் ஒரு"

வேண்டாம். வாசனையில் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடிவைத்திருக்கிறேன்.

இரண்டாவது: பால்காரர் நொண்டிக்கொண்டே மோட்டார் சைக்கிளைத் தள்ளிவந்தார். முழங்கையில் கட்டு.

இது பரவாயில்லை. இப்படியே போகலாம்.

"லேத்தக்கா, நீங்க சிலிண்டரைத் தேய்ச்சு போர் பண்ணிக் குடுத்து ஒரு வாரம்கூட ஆகல. இன்னிக்குத்தான் பெரிய ரோட்டுல ஏறினேன். இன்ஜின் கப்புனு பிடிச்சிடுச்சு. பின் சக்கரம் அப்படியே நின்னுபோச்சு. பாலும் நானும் ரோட்டுல."

"ஆயில் ஊத்தினீங்களா, மறந்துட்டீங்களா?"

"திறந்து பாருங்க. பொய் சொல்ற வாயா இது?"

திறந்தாள்.

3

முதல் வரைவில் பால்காரரைப் பொய்யராக்கியிருந்தேன். ஆயில் இல்லாமல் ஓட்டினார், அவள் கண்டுபிடித்தாள், சுபம். எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஆனால் பிஸ்டன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

ஆயில் நிறைய இருந்தது. பிஸ்டனின் தலையில் ஓட்டையும் இல்லை, உருகலும் இல்லை. தூசி புகுந்து கீறிய தடமும் இல்லை. சுற்றிலும் நாலு இடத்தில் மட்டும், மேலிருந்து கீழாக, உரசிப் பளபளத்தது. எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் நெருக்கினால்தான் அப்படி ஆகும்.

(ஒரு சின்ன விளக்கம்: சூடானால் பிஸ்டன் விரியும். விரிய இடம் வேண்டும். தலைமுடியைவிடக் குறைந்த இடம்தான். அதுவும் இல்லையென்றால் சிலிண்டரோடு கவ்விக்கொள்ளும். இங்கே குடும்பம், மாமியார் என்று ஒரு உவமை வரத் துடிக்கிறது. அடக்குகிறேன்.)

"புது போர்ல விரட்டி ஓட்டினீங்களா?" நப்பாசையில் கேட்டாள்.

"பால் வண்டியை யாராவது விரட்டுவாங்களாக்கா? வீடு போய்ச் சேர்றதுக்குள்ள வெண்ணெய் ஆயிடும்."

சிலிண்டரின் அடியில், பிஸ்டன் உரசாத இடத்தில், உள்விட்டம் அளக்கும் கேஜை விட்டு அளந்தாள். இறுக்கம். துடைத்துவிட்டு மறுபடி அளந்தாள். அதே இறுக்கம். போன வாரம் இதே கேஜ் சரியான அளவைத்தானே காட்டியது? இரும்பு வற்றுமா என்ன?

4

போன வாரம் நடந்தது இது. பால்காரர் தலைக்கு மேலேயே நின்று, "சாயங்காலப் பால் காத்திருக்காதுக்கா" என்று அரித்துக்கொண்டிருந்தார். அவள் கணவரும் தன் வண்டியின் சிலிண்டரைக் கழற்றி எடுத்து வந்திருந்தார். அவருக்கு அடுத்தவரைச் சீண்டாவிட்டால் சோறு இறங்காது, பால்காரர் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கலையா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவள் பால்காரரின் சிலிண்டரை எடுத்து அளந்தாள். எப்போதும் தேய்த்து முடித்ததும் ஓரமாக வைத்து, வேறு வேலை பார்த்து, அது சில்லென்று ஆனபிறகுதான் அளப்பாள். அன்றைக்குக் கையில் ஒரு துணியைச் சுற்றிப் பிடித்திருந்தாள்.

ஏன் துணி?

சுட்டது. அதனால்தான் துணி.

சூட்டில் விரிந்திருந்த சிலிண்டர் சரியான அளவைக் காட்டியது. ஆறியதும் சுருங்கிவிட்டது. அந்தத் துணியை அவள் கீழே வைக்கவே இல்லை. அடுத்த சிலிண்டரையும் அதே துணியோடு பிடித்து, அதே மாதிரி அளந்தாள். அது கணவருடையது.

இது நினைவுக்கு வந்ததும்தான் அவள் முக்காலியில் உட்கார்ந்தாள்.

5

அன்றிலிருந்து கணவரின் வண்டி மூலைக்கடை வரைக்கும்தான் போய்வந்தது. இன்று காலையில்தான் கணவர் பெரிய ரோட்டைப் பிடித்தார். தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, தாய்மாமன் ஆகிவிட்டோம் என்று கால் தரையில் நிற்கவில்லை.

போன் போட்டாள். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. எடுக்க மாட்டார். "வண்டி ஓட்டும்போது போன் எடுத்தா கையை ஒடிச்சிடுவேன்" என்று சொன்னவள் இவள்தான். கல்யாணம் ஆன நாளாக ஒரு பேச்சைக் கேட்காத மனுஷன், பாவி, இதை மட்டும் கேட்கிறார்.

நாத்தனாருக்குப் போட்டாள்.

"அண்ணன் இன்னும் வரலையே அண்ணி. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. வந்ததும் பேசச் சொல்லு."

பால்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். "விடுங்கக்கா, என் வண்டி கிடக்கட்டும், மெதுவாப் பாத்துக்கலாம்."

"அவர் வண்டியும் அதே மத்தியானம்தாங்க பண்ணேன்."

பால்காரர் தன் முழங்கைக் கட்டைப் பார்த்தார்.

6

முடிவு ஒன்று: பெட்ரோல் போட நிறுத்தியவர் தவறிய அழைப்புகளைப் பார்த்து, "என்னடி, வீடு பத்திக்கிச்சா?" என்று கேட்கிறார்.

முடிவு இரண்டு: எழுதினேன், கிழித்துவிட்டேன். அதில் பின்னால் ஒரு லாரி வந்தது. நான் வரவழைக்கவில்லை. பெரிய ரோடு என்றால் லாரி வரத்தானே செய்யும்.

முடிவு மூன்று: வழியெல்லாம் நின்று நின்று போகிறார். ஒரு கடையில் கிலுகிலுப்பை, ஒரு கடையில் குட்டித் தொப்பி. ஒவ்வொரு முறையும் இன்ஜின் கொஞ்சம் ஆறுகிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் அவர் நின்று போகிற ஆளா, பறக்கிற ஆளா? அதை முன்பே சொல்லாமல் இப்போது சொன்னால் கள்ளாட்டம்.

யோசித்துக்கொண்டிருக்கும்போதே

அவள் போன் அடிக்கிறது.

அவருடைய நம்பர்தான். அவரே கூப்பிடலாம். ரோட்டில் கிடந்த போனை யாரோ எடுத்தும் கூப்பிடலாம். அதில் கடைசியாக வந்த நம்பர் அவளுடையதுதானே.

"எடுங்கக்கா."

"எனக்குப் பயமா இருக்குங்க. நீங்க எடுங்க."

பால்காரர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். எழுதுகிற என்னையும் கேட்காதீர்கள். லாரியை எழுதிய கை இது, நான் தொட மாட்டேன்.

இன்னும் அடிக்கிறது. நின்றுவிடப் போகிறது. உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், நீங்களாவது எடுங்கள்.