சரிவில் இறங்கிய வீடு

பெரியவர் முப்பத்திரண்டு வருடம் எடைமேடையில் உட்கார்ந்தவர். லாரி வந்து மேடையில் ஏறும், முள் ஆடி நிற்கும், அவர் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தை ஒருவரும் இரண்டாம் தடவை சரிபார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் முதுகு வளையவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்வதைக்கூட ஒரு தளர்வு என்று நினைப்பவர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் கண்ணாலேயே ஒரு எடை போட்டுவிடுவார். மனிதர்களையும்தான்.

அப்படிப்பட்டவருடைய தம்பி வீடு, சக்கரத்தின் மேல் இருந்தது.

தம்பிக்குக் காற்றாலைகளைப் பழுது பார்க்கும் வேலை. ஒரு மலையில் வேலை முடிந்தால் அடுத்த மலை. ஜீப்புக்குப் பின்னால் கேரவனை மாட்டிக்கொண்டு மனைவியோடும் மகளோடும் இருபது வருடமாக இப்படியே சுற்றிக்கொண்டிருந்தான். உள்ளே அடுப்பு, அலமாரி, மடக்குக் கட்டில், ஜன்னலுக்குத் திரை என்று எல்லாமே இருந்தது. இருந்தும் பெரியவர் வாயில் அது ஒரு நாளும் வீடு ஆனதில்லை. யாராவது கேட்டால், "தம்பி வெளியூரில் இருக்கிறான்" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வார்.

இப்போது முடித்துக்கொள்ள முடியாத காரியம் வந்துவிட்டது. தம்பி மகளை விரும்பிக் கேட்டு ஒரு பையன் வந்திருந்தான். பையனைப் பெற்றவர்கள் பெண்ணின் வீட்டைப் பார்த்துப் பேச வேண்டும் என்றார்கள். பெரியவர் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பெண் கேட்கவில்லை.

"பெரியப்பா, உங்க வீடு உங்க வீடு. நான் வளர்ந்தது இதுல. இதைப் பார்த்துட்டு வேண்டாம்னா, வேண்டாம்னே போகட்டும்."

"வேண்டாம்னு போறதுக்கா கூப்பிடுறோம்? நல்ல பொண்ணும்மா நீ!"

அதனால் பெரியவரே இரண்டு நாள் முன்னதாக வந்து இறங்கினார். கேரவன் அப்போது ஜீப்பிலிருந்து கழற்றப்பட்டு, ஒரு நீண்ட புல்வெளியின் மேல்முனையில் நின்றது. கீழே ஏரி. மேலே மலைமுகட்டில் வெள்ளைக் காற்றாலைகள், யாரோ தூக்கத்தில் கை வீசுவதுபோல மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. காற்று எப்போதும் புல்லைத் தடவிக்கொண்டே இருந்ததால், நின்று பார்த்தால் நிலமே ஏரியை நோக்கி நழுவுவதுபோலத் தோன்றும். பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. நிலம் என்றால் நிற்க வேண்டும்.

வந்த கையோடு குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தார். வாசலில் மிதியடி இல்லை, வாங்கிப் போட்டார். குடும்பப் பெயரைப் பலகையில் எழுதிப் புல்லில் நட்டார். மரப்படி ஒன்றைச் செய்யவைத்துக் கதவுக்குக் கீழே வைத்தார். நான்கு மூலையிலும் ஊன்றியிருந்த இரும்புக் கால்கள் துருப்பிடித்திருந்தன.

"இதென்ன, சொறி பிடிச்ச மாதிரி? கழட்டிப் பெயிண்ட் அடி."

"அடிக்கிறேன் அண்ணா. ஆனா காய ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் அந்தக் கட்டை ரெண்டுதான் இதுக்கு எல்லாம். கைப்பிரேக்கு பேருக்குத்தான் இருக்கு, கேபிள் அறுந்துபோச்சு. புதுசுக்குச் சொல்லியிருக்கேன்."

கட்டை என்று அவன் சொன்னது சக்கரத்துக்கு ஒன்றாகச் சரிவுப் பக்கம் கொடுத்திருந்த மஞ்சள் ரப்பர் கட்டைகளை. முக்கோணமாக, அடியில் பல் பல்லாக, சக்கரத்தின் வளைவுக்கு ஏற்ப ஒரு பக்கம் குழிந்து இருக்கும். கண்ணைப் பறிக்கும் மஞ்சள். பெரியவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வருகிறவர்கள் கண்ணில் முதலில் படப்போவது அதுதான். திரையும் மிதியடியும் பெயர்ப்பலகையும் 'வீடு' என்று சொல்ல, அந்த இரண்டு கட்டைகள் மட்டும் 'வண்டி, வண்டி' என்று கூவிக்கொண்டிருந்தன.

பையன் வீட்டார் வருகிற நாள் காலையில், தம்பி குளிக்கப் போன நேரம் பார்த்து, கடையிலிருந்து கொண்டுவந்திருந்த இரண்டு பெரிய மண் பூந்தொட்டிகளைச் சக்கரத்துக்கு முன்னால் நகர்த்தினார். சிவப்புப் பூ, ஈர மண், ஒவ்வொன்றும் முப்பது கிலோவுக்குக் குறையாது. ரப்பர் கட்டையைக் கையில் தூக்கிப் பார்த்தார். மூன்று கிலோ. முப்பதுக்கு முன்னால் மூன்று எந்த மூலைக்கு? முப்பத்திரண்டு வருட அனுபவம் அவர் பக்கம் இருந்தது. சுத்தியலால் தட்டிக் கட்டைகளை வெளியே எடுத்தார். கேரவன் ஒரு விரற்கடை நகர்ந்து, தொட்டிகளில் சாய்ந்து நின்றுவிட்டது.

"ஆங், அவ்வளவுதான்!" என்று தொட்டியைத் தட்டிக்கொடுத்தார்.

கட்டைகளைச் செய்தித்தாளில் சுற்றித் தன் காரின் டிக்கியில் வைத்துப் பூட்டினார். தம்பியிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? இந்தக் குடும்பத்தில் அவர் செய்ததை யாரும் கேட்ட பழக்கமில்லை.

மதியம் அவர்கள் வந்தார்கள். பையனின் அப்பா லிஃப்ட் பரிசோதகர். ஊரில் உள்ள கட்டிடங்களின் லிஃப்டுகளெல்லாம் ஓடலாமா கூடாதா என்று சொல்லுகிறவர். ஒல்லி, பேச்சு குறைவு, எதைத் தொட்டாலும் ஒருமுறை லேசாக ஆட்டிப் பார்க்கும் கை. கதவுப்பிடியை ஆட்டினார், படியை ஆட்டினார். பெரியவருக்கு ஆளைப் பிடித்துவிட்டது. 'நம் இனம்' என்று நினைத்துக்கொண்டார். பையனின் அம்மா நேர் எதிர். வாசலில் நின்றே, "அய்யோ, பூவெல்லாம் வச்சிருக்கீங்களே, பொம்மை வீடு மாதிரி இருக்கு!" என்றாள். பெரியவருக்கு உச்சி குளிர்ந்தது.

பெண்ணும் பையனும் ஏரியைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று வெளியிலேயே நின்றுகொண்டார்கள். மற்ற ஐந்து பேரும் உள்ளே மேசையைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்தார்கள். தம்பி மனைவி தேநீர் ஊற்றினாள். திரை காற்றில் உப்பி அடங்கியது. ஏரியின் வெளிச்சம் கூரையில் வலை வலையாக அசைந்தது. சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். பேச்சு சுகமாகப் போய்க்கொண்டிருந்தது. பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்தபடி, அதே சமயம் கண் செருகியபடி இருந்தார்.

வெளியே ஏதோ 'ளக்' என்றது. காய்ந்த பானை வெடிப்பதுபோல. சற்றுக் கழித்து இன்னொரு 'ளக்'.

ஜன்னலில் பெண்ணும் பையனும் தெரிந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்று ஏதோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, நின்ற நிலையிலேயே, கால் அசைக்காமல், இருவரும் மலை மேல் ஏறிப் போனார்கள். அவர்களோடு பெயர்ப்பலகையும் போயிற்று. மரப்படியும் போயிற்று. மலைமுகட்டுக் காற்றாலைகள் ஒவ்வொன்றாகத் தலை குனிந்து விடைபெற்றன. புல் ஜன்னலோரமாக உஸ் உஸ்ஸென்று பேசிக்கொண்டு ஓடியது. பெரியவருக்கு அது மிக அழகான கனவாகப் பட்டது. தூங்கிவிட்டோம் போலிருக்கிறது, சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால் தூங்குகிறோமே என்றுதான் முதலில் வெட்கப்பட்டார்.

"எவ்வளவு அழகா இருக்கு!" என்றாள் பையனின் அம்மா. "படகுல போற மாதிரி."

லிஃப்ட் பரிசோதகர் தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் ஒரு பக்கமாக ஏறியிருந்தது.

"போற மாதிரி இல்லம்மா," என்றார் நிதானமாக. "போயிட்டுதான் இருக்கோம்."

"அண்ணா!" என்றான் தம்பி. எழுந்தவன் அலமாரியில் மோதி மறுபடி உட்கார்ந்தான். தம்பி மனைவி தேநீர்க் கெட்டிலைக் குழந்தையைப்போல மார்போடு அணைத்துக்கொண்டாள். வெளியே பெண், "அப்பா! அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடி வருவது கேட்டது. புல் உயரமாக இருந்ததால் கேரவன் விரையவும் இல்லை, நிற்கவும் இல்லை. தூக்கத்தில் நடப்பவன்போலத் தன் பாட்டில் இறங்கியது. பெரியவர் எழுந்திருக்கவில்லை. முழுவதும் விழித்துவிட்டார். இரண்டு 'ளக்'குகளும் என்னவென்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஏரிக்கரை நாணலுக்குள் புகுந்து, ஈர மணலில் சக்கரங்கள் புதைந்து, பெருமூச்சு விட்டதுபோல ஒரு ஆட்டம் ஆடி, கேரவன் நின்றது. ஒரு கோப்பைகூட உடையவில்லை. நாணலுக்குள்ளிருந்து ஒரு நாரை எழுந்து, ஜன்னல் வழியாக உள்ளே இருந்தவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்தது.

கதவைத் திறந்தால் கீழே படி இல்லை. ஒவ்வொருவராகக் குதித்து இறங்கினார்கள். மேலே, புல்லில் இரண்டு கோடுகள் தொடங்கும் இடத்தில், மரப்படியும் மிதியடியும் குடும்பப் பெயர் எழுதிய பலகையும் வைத்தது வைத்தபடி இருந்தன. பின்னால் வீடு மட்டும் இல்லை.

ஓடி வந்த பெண் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பையனும் மூச்சிரைக்க நின்றான். லிஃப்ட் பரிசோதகர் குனிந்து சக்கரங்களைப் பார்த்தார்.

"பிரேக்கு?"

"கேபிள் போயிடுச்சுங்க," என்றான் தம்பி.

"அப்ப கட்டை போட்டிருக்கணுமே?"

தம்பி சரிவின் மேலே பார்த்தான். நொறுங்கிய சிவப்பு ஓடுகளும் சிதறிய மண்ணும் பூவும் தெரிந்தன. பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"மறந்துட்டேங்க. என் தப்புதான்."

"மறந்துட்டீங்களா?" பரிசோதகர் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "உள்ள அஞ்சு பேரு இருந்தோம். மலையில வேலை செய்யறவர் நீங்க. கட்டை போட மறக்கலாமா?" மனைவியைப் பார்த்தார். "கிளம்பலாம். நாங்க யோசிச்சுச் சொல்லி அனுப்பறோம்."

யோசிச்சுச் சொல்லி அனுப்பறோம் என்பதற்கு என்ன பொருள் என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். பெண்ணின் முகம் வெளுத்துப்போனது. ஆனாலும் அவள் அப்பாவின் கையை விடவில்லை.

பெரியவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேசாமல் இருந்தால் போதும். தம்பி பழியை ஏற்றுக்கொண்டாகிவிட்டது. சின்ன வயதிலிருந்து அவன் அப்படித்தான். பெரியவருடைய மரியாதை எங்கெல்லாம் சரியப் பார்த்ததோ, அங்கெல்லாம் ஓசையில்லாமல் போய்த் தோள் கொடுத்திருக்கிறான். அதை அவர் இதுவரை தன் சொந்த எடை என்று நினைத்து வந்திருந்தார். கையெழுத்துப் போட்ட சீட்டுகளெல்லாம் கண்ணுக்குள் வந்து போயின. ஒன்றில்கூடப் பொய் எடை இல்லை. இன்று ஒன்று எழுதப்படுகிறது, அவர் பார்த்துக்கொண்டிருக்க.

"நில்லுங்க," என்றார்.

யாரையும் பார்க்காமல் சரிவில் ஏறினார். நிமிர்ந்த முதுகோடு ஏறுவதற்கு அது நீண்ட தூரம். கார் டிக்கியைத் திறந்தார். திரும்பி வரும்போது கக்கத்துக்கு ஒன்றாகச் செய்தித்தாள் பொட்டலம் இருந்தது. எல்லாரும் பார்க்கப் பிரித்தார். மஞ்சள் நிறம் வெயிலில் கத்தியது.

"இவன் மறக்கலை. போட்டுத்தான் வச்சிருந்தான். நான் எடுத்தேன். பார்க்க அசிங்கமா இருக்குன்னு எடுத்துட்டுப் பூந்தொட்டியை வச்சேன். எனக்காகப் பொய் சொல்றான்." மூச்சு வாங்கினார். "கட்டை மூணு கிலோ, தொட்டி முப்பது கிலோ. கனமானது நிறுத்தும்னு நினைச்சேன். நான் எடைமேடையில இருந்தவன்."

பரிசோதகர் ஒரு கட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழக்கப்படி ஆட்டியும் பார்த்தார்.

"கனம் நிறுத்தாதுங்க," என்றார். குரல் இறங்கியிருந்தது. "இந்தச் சரிவும் இந்தப் பல்லும்தான் நிறுத்தும். சக்கரம் இதுமேல ஏறப் பார்க்கும். ஏறப் பார்க்கப் பார்க்க, அதோட பாரமே கட்டையைத் தரையில அமுக்கிடும். வண்டியைப் பிடிக்கிறது வண்டியோட பாரம்தான்."

"இருபது வருஷமா அதைத்தான் செஞ்சிட்டிருக்கான்," என்றார் பெரியவர். "நான்தான் பார்க்கலை."

தம்பி, "விடுங்க அண்ணா," என்று முனகினான்.

"அத்தான், காலையிலயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கட்டைக்கு நானே ஒரு பூப்போட்ட உறை தைச்சிருப்பேனே," என்றாள் தம்பி மனைவி, இன்னும் கெட்டிலை விடாமல். பையனின் அம்மா முதலில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பெண்ணுக்கும் தொற்றியது.

"உங்க ஜீப்பு இதை மறுபடி மேல இழுத்துட்டுப் போகுமா?" என்று கேட்டாள் பையனின் அம்மா.

"போகுங்க, ஏன்?" என்றான் தம்பி.

"சும்மாதான். இன்னொரு தரம் இறங்கலாமேன்னு."

"நீ வேற!" என்றார் பரிசோதகர். ஆனால் கிளம்பவில்லை. மணலில் மண்டியிட்டு, "முதல்ல இதைச் சரியா நிறுத்துவோம், ஈர மண்ணு" என்று ஒரு கட்டையைத் தம்பியிடம் கொடுத்தார். மற்றது பெரியவர் கையில் இருந்தது. அவர் ஒரு கணம் நின்றார். பிறகு முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, சக்கரத்துக்கு அடியில் தானே அதைச் செருகினார். உள்ளங்கையால் இரண்டு தட்டு. சக்கரம் கட்டையில் வந்து உட்காரும் 'ம்ம்' என்ற சத்தத்தை முதல் தடவையாகக் கேட்டார்.

எல்லாரும் மறுபடி உள்ளே ஏறினார்கள். தேநீர் ஆறியிருந்தது. வேறு போட்டார்கள். ஏரி இப்போது ஜன்னலுக்கு நேர் கீழே இருந்ததால் கூரை முழுக்க வெளிச்சம் நெளிந்தது. பெரியவர் மட்டும் உள்ளே போகவில்லை. வாசல் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு பாதத்தைச் சக்கரத்துக் கட்டையின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டார். அது தேவையில்லை என்று அவருக்கும் தெரியும். எதிரே மலைச்சரிவும் அதன் உச்சியில் தனியாக நின்ற வாசல்படியும் வெயிலில் மிதந்தன. மலை நகர்கிறதா, நிற்கிறதா? உற்றுப் பார்த்தார். கண் செருகியது.

பின்னால் பேச்சு எந்த மாதம், எந்த இடம் என்பதற்குப் போயிருந்தது. யாரோ எழுந்து வாசலுக்கு வந்தார்கள்.

"அது தானா நிக்கும். காலை எடுத்துட்டு உள்ள வாங்க, சம்பந்தி," என்றார் லிஃப்ட் பரிசோதகர்.