மூட்டை இறக்கும் முன் மூன்று கேள்விகள்

1

இந்தக் கதை என் குற்றத்திலிருந்து பிறந்தது. முழுக்கக் கற்பனை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், அண்ணி விடவில்லை.

முதுகு போன கூலிக்காரர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. நாலாயிரம் பேர். புதிதாக வருபவரை முதலில் ஒரு தானியங்கி நிரல் வரவேற்கும். பிறகு ஒரு மனிதர். அந்த மனிதர் என் அண்ணி, தையல் ஆலையில் இருபது வருடம் குனிந்தவர். தானியங்கிக்கு வசனம் எழுதியவன் நான். கிடங்கில் பதினோரு வருடம் மூட்டை சுமந்தவன்; இப்போது எழுத்தாளன். அதாவது, உட்கார்ந்தே முதுகைக் கெடுத்துக்கொள்கிறவன்.

2

இந்தக் கதைக்கு நான் எழுதி அடித்த முதல் தொடக்கம்: "மழை கொட்டிய அந்தப் பிற்பகலில், ஒரு பெண்ணின் விரல்கள் நடுங்க..." (மழை இல்லை. விரல்களை நான் பார்க்கவும் இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: "மனிதனும் இயந்திரமும் சந்திக்கும் புள்ளியில்..." (இதை எழுதியவன் தலையில் ஒரு மூட்டையை ஏற்றி மாடிப்படி ஏற விட வேண்டும்.)

நடந்தது இதுதான். பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு பெண் சேர வந்தார். தானியங்கியின் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகு, அதை அண்ணி பார்த்து அனுமதித்தால்தான் குழுவில் எழுத முடியும். என் ஏற்பாடு.

உங்களை எப்படி அழைப்பது?

"லோடுமேன் சம்சாரம்."

எங்கே வலி?

"எனக்கு இல்லைங்க. அவருக்கு."

உங்கள் பொழுதுபோக்கு?

"லாரியிலேர்ந்து விழுந்துட்டாரு. கால் மரத்துப்போச்சுங்கிறாரு. நாலு பேரு தூக்கி வண்டியில போடலாம்னு நிக்கிறாங்க. தூக்கலாமா?"

"அடடா, சுவையான பொழுதுபோக்கு! நம் குடும்பத்துக்கு வருக!" என்றது தானியங்கி.

அந்த 'அடடா' என் சொந்தச் சரக்கு. உயிரோட்டத்துக்காகச் சேர்த்தேன்.

3

அண்ணி பதினோரு நிமிடம் கழித்துத்தான் பார்த்தார். "தூக்காதீங்கம்மா. அசைக்கவே வேணாம். ஆம்புலன்சுக்குச் சொல்லுங்க, அவங்க பலகை வச்சு எடுப்பாங்க" என்று எழுதிவிட்டு என்னை அழைத்தார்.

"ஏன் தம்பி, கிடங்குல மூட்டையோட வர்றவன நிறுத்திவச்சு கேள்வி கேப்பியா?"

"மாட்டேன் அண்ணி. முதல்ல கை கொடுத்து இறக்குவோம்."

"அப்ப இங்க மட்டும் என்ன இன்டர்வியூ நடத்துற? பொழுதுபோக்காம், பொழுதுபோக்கு! முதுகு போனவனுக்கு எதுய்யா பொழுதுபோக்கு? குப்புறப் படுக்கிறதா?"

கிடங்கில் நான் கற்ற முதல் விதியே அதுதான். தலையில் சுமை இருப்பவனிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பதில் சொல்லக் கழுத்தைத் திருப்பினால் போச்சு. நாற்காலி கிடைத்ததும் மறந்துவிட்டேன்.

(இங்கே அண்ணியை 'கருணையே உருவான' என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டுச் சொன்னார்: "என்னைத் தியாகி ஆக்காத. அந்தப் பதினோரு நிமிஷம் நான் சீரியல் பாத்துட்டிருந்தேன். அதையும் போடு." போட்டுவிட்டேன்.)

4

அந்தப் பதினோரு நிமிடத்தில் தூக்கிவிட்டார்களா? தெரியாது. அந்தப் பெண் பிறகு எழுதவே இல்லை.

முடிவு அ: அவர் எழுந்து நடக்கிறார். மனைவி குழுவில் படம் போடுகிறார். தானியங்கி கைதட்டுகிறது. (எனக்கு வசதியான முடிவு. அதனாலேயே நான் நம்பவில்லை.)

முடிவு ஆ: தூக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்

5

ஏழு நாள் பேசாதிருக்கும் புதியவருக்குத் தானியங்கி தானாகவே ஒரு செய்தி அனுப்பும்: "எங்கே போனீர்கள்? உங்களைக் காணாமல் வாடுகிறோம்! நலமா?" இதுவும் என் கைவண்ணமே. இன்று ஏழாம் நாள். காலையிலேயே தானியங்கியை நிறுத்திவிட்டேன்.

"நிறுத்திட்டா ஆச்சா? நீயே எழுது" என்றார் அண்ணி.

"அவர் இப்போது எப்படி" என்று தொடங்கி அழித்தேன். "அன்றைக்குத் தூக்கி" என்று தொடங்கி அழித்தேன். "என்னை மன்னிப்பீர்களா" என்பதுகூட அவர் தலையில் நான் ஏற்றும் இன்னொரு மூட்டைதான். இத்தனை வருடம் எழுதியும் எனக்குக் கேட்க மட்டும்தான் தெரிகிறது.

ஆகவே வாசகரே, வந்து ஒரு கை கொடுங்கள். கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு நீங்கள் எழுதுங்கள். கேள்விக்குறி மட்டும் வேண்டாம்.

......................................................