கரியில் இறங்கிய தண்ணீர்

வாளியை முகர்ந்த பள்ளிவாசல் உஸ்தாத் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இது சரிப்படாது மோனே. வாடை மாறின தண்ணில மய்யித்தைக் குளிப்பாட்டக் கூடாது."

அக்மல் திருதிருவென விழித்தான். மட்டாஞ்சேரியின் அந்தச் சந்தில் காலையிலிருந்து பைப்பில் தண்ணீர் இல்லை. தண்ணீர் லாரியும் உள்ளே நுழையாது. கூடத்தில் அவன் தகப்பனார் மொய்து வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழவில்லை.

"அது கிணத்துல நேரா எடுத்தது" என்றாள் அவன் தாய் ஜலீலா, கதவுக்குப் பின்னாலிருந்து. "அந்த நீல டிரம்முல பிடி."

சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தெருமுனைப் பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டி கசிந்து, பெட்ரோலில் கலக்கும் ஏதோ திரவம் கிணற்றில் இறங்கியதிலிருந்து தண்ணீரில் டர்பன்டைன் வாடை. எண்ணெய் போல மேலே மிதந்தாலாவது வழித்தெடுக்கலாம். இது தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்துவிட்டது. மொய்து விடவில்லை. வாடை போகக் காற்றடிக்கும் மோட்டார் வைத்தார். நீல டிரம் நிறைய சிரட்டைக்கரி நிரப்பிக் கிணற்றுத் தண்ணீரை அதன் வழியே இறக்கினார், வாடை திரும்பினால் கரியை மாற்றினார். சோதித்துப் பார்க்க லாபுக்குப் பாட்டில் பாட்டிலாக அனுப்பினார்.

"இப்ப சுத்தம்னு லாபுலயே சொல்லிட்டான் ஜலீலா. ஒரு வாய் குடிச்சுப் பாரேன்" என்பார்.

"நீங்களே குடிங்க மச்சான். எனக்கென்ன பெட்ரோல்ல ஓடுற வயிறா?"

சிரித்துக்கொண்டே அவரே குடித்துவிடுவார். நேற்றும் அப்படித்தான். கடையில் வாங்கிய கேன் தண்ணீரைத்தான் அவள் சோற்றுக்கும் சாயாவுக்கும் வைத்தாள்.

அக்மல் டிரம்மிலிருந்து பிடித்து வந்தான். உஸ்தாத் முகர்ந்தார். "வாடை இல்ல. ருசி யாராவது நோக்கிச் சொல்லுங்க."

அக்மல் கை நீட்டுவதற்குள் ஜலீலா வாங்கிக் குடித்தாள். இலேசான உப்பு, இந்த ஊர் மண்ணின் உப்பு. வேறொன்றும் இல்லை. இன்னொரு வாய் குடித்தாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"என்னம்மா?"

"நல்ல தண்ணிடா." மறுபடி சொன்னாள். "நல்ல தண்ணி."

வாளிகள் நிரம்பின. முற்றத்தில் துணி மறைப்புக் கட்டினார்கள். வாளிகளைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஜலீலா மகனின் சட்டையைப் பிடித்தாள்.

"கொஞ்சம் சுட வச்சுக் கலந்துக்கடா. பச்சத்தண்ணி அவருக்கு ஆகாது."

அக்மல் ஒரு வாளியைக் கீழே வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போனான்.