முதுகு காட்டி விட்ட ஏலம்

திருமலைராயன்பட்டினத்துக் கரையில் மீன் ஏலம் விடுகிறவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து நிற்க வேண்டும். முகம் பார்த்தால் சொந்தக்காரருக்குச் சாதகம் செய்துவிடுவாராம். எல்லோரும் எல்லோருக்கும் சொந்தமாக இருக்கும் ஊரில் நியாயமான ஏற்பாடுதான். பின்னால் ஊரே ஒரே நேரத்தில் கத்தும். அதில் கூடிய விலை கேட்ட குரலைப் பிடித்து ஆள் பெயரைச் சொல்ல வேண்டும். சுப்ராயன் அதில் சூரன், அதுவும் இடது காதை மட்டும் வைத்துக்கொண்டு. வலது காது பிறந்ததிலிருந்தே அலங்காரம்.

எண்பத்தேழாம் வருஷம் அவனுக்குத் தலைசுற்றல் வந்தது. ஏலத்தின் நடுவே மீன் குவியல் மேலேயே விழுந்தான். சென்னையில் இடது காதுக்குப் பின்னால் திறந்து, சுற்றலுக்குக் காரணமான நரம்பை அறுத்தார்கள். சுற்றல் நின்றது. காதும் கேட்டது. கரைக்கு வந்து நின்றபோதுதான் அத்தனை குரலும் அலையோடும் மோட்டார் படகோடும் கலந்து ஒரே இரைச்சலாக வந்து மோதியது. அன்றைய வஞ்சிரத்தை, அந்தப் பக்கமாகத் தன் ஆட்டைக் கூப்பிட்டுக்கொண்டு போன ஆஸியா பீவிக்கு முடித்துக் கொடுத்தான்.

காரைக்காலில் காது டாக்டர் அம்பலவாணன் அவனைச் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து மிஷினில் சோதித்தார். காதில் பழுதே இல்லை என்றார்.

"அப்புறம் ஏங்க கரையில ஒண்ணும் வெளங்கல?"

"காது மூளைக்குச் சேதி அனுப்புதுல்ல, மூளையும் காதுக்குத் திருப்பி அனுப்பும். இந்தச் சத்தத்தக் கொறை, அந்தக் கொரல மட்டும் உள்ள விடுன்னு. அப்புடித் திருப்பி அனுப்பற நரம்பு சுத்தல் நரம்போட ஒட்டித்தான் போவுது. அறுக்கறப்ப அதுவும் சேந்து போயிருக்கணும்."

"ஒட்டவைக்க முடியுங்களா?"

"முடியாதுப்பா. சத்தமில்லாத எடமாப் பாத்து வேல செய்யி."

ஊர்த்தலைவர் கோவிந்தராசு நல்ல மனிதர். பஞ்சாயத்தைக் கூட்டி ஒரு வாரம் தவணை வாங்கிக் கொடுத்தார்: ஒருவர் கேட்டு முடித்த பிறகே அடுத்தவர் வாய் திறக்க வேண்டும். ஊர் கட்டுப்பட்டது. கரையில் பள்ளிக்கூடப் பிரேயர் போல அமைதி. சுப்ராயனுக்கு ஒவ்வொரு குரலும் கணீரென்று கேட்டது. ஒரு பெயர்கூடத் தப்பவில்லை. ஆனால் அடுத்தவர் சொன்னதை எல்லோரும் நிதானமாக யோசித்தார்கள். யோசிக்கிறவன் விலையை ஏற்றுவதில்லை. வஞ்சிரம் மத்தி விலைக்குப் போயிற்று.

தவணை முடியுமுன்பே கோவிந்தராசு அவன் தோளில் கை போட்டார். "ஒன் காது நல்லாத்தான் இருக்கு சுப்பு. ஊரு வாய மூடிக்கிட்டா ஊருக்குக் கட்டுப்படியாவலப்பா."

ஏலம் அவன் மச்சினன் செல்லையனுக்குப் போனது.

இப்போது சுப்ராயன் வீட்டோடு இருக்கிறான். டாக்டர் சொன்ன சத்தமில்லாத இடம் அதுதான். நேற்றுக் கொல்லையில் அவன் பெண்டாட்டி அமுதம், பக்கத்து வீட்டுக் காசியம்மாவிடம் குரலை அடக்கித்தான் சொன்னாள்.

"இனிமே இவுங்கள வெச்சுக்கிட்டு நான் என்ன செய்யறதுன்னே தெரியலக்கா."

ஒரு சொல் விடாமல் கேட்டது. காதில் பழுதே இல்லை.