மூன்றாவது பால்வாடி

மராத்தி பேசும் ஊரான போசரியில் ஒரு லேத் பட்டறையில் மூன்றாவது ஷிப்ட் முடித்து வந்த சுப்ரமணி அன்று படுக்கவில்லை. பகலில் அவன் தூங்குவான். அவன் மனைவி பவுன் பிம்ப்ரியில் மாத்திரை பாக்கிங்குக்குப் போய்விடுவாள். நான்கு வயது மகளைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு மல்லிகாதான். மல்லிகாவுக்கு ஏழு மாதம். வெள்ளிக்கிழமை பிரசவத்துக்கு ஊருக்கு ரயிலேறுகிறாள். அதற்குள் குழந்தையை ஒரு பால்வாடியில் சேர்த்தாக வேண்டும்.

குழந்தையின் பெயர் அகல்யா. பெயர் வைத்ததோடு சரி, வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான்.

நடந்து போகும் தூரத்தில் அரசாங்கப் பால்வாடி மூன்று இருந்தன. "எல்லாம் ஒண்ணுதான், கிட்டக்க இருக்கறதுல போடு" என்று பவுன் சொல்லிவிட்டுப் போனாள். ஒன்பதாவதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் அவன். அந்த மாதிரி இடங்களை நம்பிப் பழக்கமில்லை. மூன்றையும் கண்ணால் பார்த்துவிட்டுச் சேர்ப்பது என்று, எண்ணெய் வாடை போகாத சட்டையோடு பத்து மணிக்குக் கிளம்பினான். அன்றைக்கு மேலதிகாரி மேடம் சோதனைக்கு வருகிற நாள் என்பது அவனுக்குத் தெரியாது.

முதல் பால்வாடி பள்ளிக்கூடத்துப் பின்கட்டில் இருந்தது. பின்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தான். புதுப் பாய்கள். சுவரில் யானை, மாம்பழம். இருபது பின்னந்தலைகள். அதில் ஒரு பையனுக்கு மொட்டைத் தலை, சிரங்குக்கு ஊதா மருந்து அப்பியிருந்தது. அவனுக்குப் பக்கத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய இரட்டைச் சடை. மேடம் பேர் படிக்க, பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்து, உள்ளேன் என்பதற்கு மராத்தியில் "ஹஜர்" என்றன. நல்ல இடம் என்று நினைத்தான்.

வழியில் ஒரு வடாபாவ் தின்று, சாயா குடித்துவிட்டு, கோயிலுக்குப் பின்னால் இருந்த இரண்டாவதுக்குப் போனான். ஒற்றை அறை. இங்கும் பின்ஜன்னல்தான். இங்கும் அதே மேடம். இங்கும் ஒரு ஊதா மொட்டை. ஊரெல்லாம் சிரங்கு போலிருக்கிறது என்று நினைத்தான். அப்புறம்தான் பக்கத்தில் சிவப்பு ரிப்பனைக் கண்டான். அதே பிள்ளைகள்.

மேடம் முன்வாசலில் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது, சந்துக்குள் ஒரு சிக்ஸ் சீட்டர் ஆட்டோ வந்து நின்றது. பின்வாசல் வழியாகப் பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பியது. எங்கே என்று ஓடிக்கொண்டே இந்தியில் கேட்டான்.

"எங்க போவாங்க? மூணாவதுக்குத்தான், தலை எண்ணிக் காட்ட" என்று சிரித்தான் டிரைவர். "மேடம் நடந்து வர்றதுக்குள்ள போயாகணும் பாய்."

மூன்றாவதுக்கு ஜன்னலே இல்லை. சந்துகளில் வழி தப்பி, மூச்சு வாங்க அவன் போய்ச் சேர்ந்தபோது மேடம் பேர் படிக்க ஆரம்பித்திருந்தாள். வாசலில் நின்றான். இந்தத் தடவை பிள்ளைகளின் முகம் தெரிந்தது.

"சுவாதி காம்ப்ளே."

சிவப்பு ரிப்பன் எழுந்து நின்றது. "ஹஜர்."

அவன் மகள்.

அவள் அவனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஆள்காட்டி விரலை எடுத்து உதட்டின் மேல் வைத்தாள்.

"இது என் பொண்ணு" என்றான். தெரிந்த மராத்தியெல்லாம் மறந்து, அது ஒன்றுதான் வாயில் வந்தது.

மேடம் பதிவேட்டிலிருந்து நிமிர்ந்தாள். "உங்க பேரு காம்ப்ளேயா?"

"சுப்ரமணியன்."

"ராத்திரி ட்யூட்டி ஆளு மேடம்" என்றாள் அந்தப் பால்வாடியின் டீச்சர் பாயி. "தூக்கக் கலக்கம்."

மேடம் குழந்தை பக்கம் திரும்பினாள். "சொல்லும்மா, இவர் யாரு?"

குழந்தை பாயியைப் பார்த்தது. தரையைப் பார்த்தது. வாயைத் திறக்கவில்லை.

மேடம் கையெழுத்துப் போட்டுப் பதிவேட்டை மூடினாள். செருப்பு மாட்டும்போது பாயியிடம் மெதுவாகச் சொன்னாள்: "அடுத்த மாசம் அந்தப் பையன் தலைக்கு ஒரு குல்லா போட்டு விடு."

சுப்ரமணி மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தான். "அப்பான்னு ஏன் பாப்பா சொல்லல?"

"சொன்னா சத்துமாவு தர மாட்டாங்க."

மல்லிகா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மறைக்கக்கூட முயலவில்லை.

"ஆடி மாசத்துலேர்ந்து போவுது. மேடம் வர்ற அன்னிக்கு வண்டி வரும். மத்த நாள்ல எது தொறந்திருக்குதோ அங்க உடுவேன். வயித்தத் தள்ளிக்கினு நான் இது பின்னாடி ஓட முடியுமாண்ணா?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ என்னிக்கு முழிச்சிருந்த? ஒரு நாளு கேட்டிருக்கியா, புள்ள எங்கன்னு?"

அந்த ரிப்பனை ஒரே காலையில் இரண்டு முறை பார்த்தும் அடையாளம் தெரியவில்லை என்பதை அவன் அவளிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் பவுன் வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தோளிலிருந்து பையை இறக்காமலே உட்கார்ந்தாள். "செரி, மூணுல எது தேவல?" என்றாள்.

அவனுக்குத் தெரியவில்லை. அவன் மூன்று இடம் பார்க்கவில்லை. ஒரே கூட்டத்தை மூன்று தரம் பார்த்தான்.

குழந்தைதான் சொன்னது. "ஸ்கூலு பின்னாடி பாய் புதுசு. மேடம் போனதும் சுருட்டிடுவாங்க, வெறுந்தரைதான். கோயிலாண்ட இருக்கற பாயி எங்கள உள்ள வச்சி பூட்டிக்கினு கடைக்குப் போவும். கடைசி பாயி அடிக்கும்." கொஞ்சம் யோசித்தது. "பூட்டாது."

பவுன் தோள் பையை இறக்கி வைத்தாள்.

"அடிச்சா அடிக்கட்டும்" என்றாள் பவுன்.

வியாழக்கிழமை காலை மூன்றாவதுக்கே கூட்டிப்போனான். நேற்றைய பேச்சை பாயி எடுக்கவில்லை. பதிவேட்டைப் புரட்டி, "பொண்ணு பேருதான் ஏற்கெனவே இருக்கே. சுவாதியாவே இருக்கட்டுமே" என்றாள்.

"வேணாம். அகல்யான்னு எழுதுங்க" என்றான். கண் முன்னாலேயே எழுத வைத்தான். முப்பத்தொன்றாவது பெயர். எழுத்து காயும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

பாயி பேர் படிக்க ஆரம்பித்தாள்.

"சுவாதி காம்ப்ளே."

"ஹஜர்" என்று எழுந்து நின்றாள் அவன் மகள்.

பாயி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே படித்தாள். கடைசியில், "அகல்யா சுப்ரமணியன்" என்றாள். யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தரம் படித்தாள்.

குழந்தை, அது யாரென்று பார்க்கத் தனக்குப் பின்னால் திரும்பியது.